வலியசாலையில் இரண்டு சைலன்சர்

என் காரின் சத்தத்தைக் கேட்காமலே அதைத் தோற்கடித்தார்கள். இதை இன்று நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. இருபத்தெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள் நான். ஒலி என்ற பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு எடுத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஒரு பொருள் சத்தம் போடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதைச் சத்தம் போடவிட்டுப் பார்க்கவேண்டும். அன்றைக்கு வண்டிகளைப் பரிசோதிக்கும் மைதானத்தில் என் காரின் சாவியைக்கூட யாரும் திருப்பவில்லை.

கார் பெரிய கார் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வண்டி. வாங்கிப் பதினைந்து வருஷம். என் கணவருக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிழக்கேகோட்டை மார்க்கெட் எல்லாவற்றுக்கும் நான்தான் ஓட்டுகிறேன். இந்தத் திருவனந்தபுரத்து மழையிலும் உப்புக் காற்றிலும் கார்களுக்கு அடிவயிறுதான் முதலில் போகும். போன மழைக்காலம் முடிந்தபோது சைலன்சரில் என் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வண்டியைக் கிளப்பினால் பழைய மோட்டார் படகு மாதிரி சத்தம்.

எனக்கே வெட்கமாக இருந்தது. மறுநாளே கம்பெனியின் பாகங்கள் விற்கும் இடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அந்த மாடலை நிறுத்தி வருஷக்கணக்காயிற்று, இனி அந்தச் சைலன்சர் வராது என்றார்கள். "பின்னே நான் என்ன பண்றது?" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "புதிய வண்டி எடுக்காமல்லோ டீச்சர்" என்றாள்.

புதிய வண்டி வாங்கலாமே என்கிறாள். நான் வாங்கவில்லை. கிள்ளிப்பாலத்துப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார், அவரிடம் போனேன். தென்காசிக்காரர். கல்யாணத்துக்கு முன்பே இங்கே வந்து வெல்டிங் பட்டறையில் சேர்ந்து, இப்போது சொந்தமாகக் கடை போட்டிருக்கிறார். பேச்சில் மட்டும் அவர் ஊரை விட்டு வரவே இல்லை. அவர் காரின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கம்பெனி சாமான் கிடைக்காது டீச்சர். ஆனா இதே மாடலுக்குன்னு வேற ஒருத்தன் செய்யுதான். நல்ல சாமான். நாகர்கோவில்ல இருக்கு, வரவச்சுத் தாறேன். முன்னால இருந்ததவிட சத்தம் கம்மியாத்தான் இருக்கும், பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னது உண்மை. புதியதை மாட்டியபின் கார் அவ்வளவு அமைதியாக ஓடியது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிட்டதோ என்று இரண்டு தடவை சாவியைத் திருப்பியிருக்கிறேன்.

இப்போது அடுத்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒருவன் இருக்கிறான். முப்பது வயசு, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அம்மாவும் அவனுமாக இருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிவப்புக் கார் வாங்கினான். வாங்கிய மாதமே அதன் சைலன்சரைக் கழற்றிவிட்டு, பின்னால் வாளி வாய் அகலத்தில் ஒரு குழாயை மாட்டினான். தினமும் காலை ஏழேகாலுக்கு வண்டியைக் கிளப்பி, சூடாகட்டும் என்று நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். உறுமும், பிறகு பட்டாசு மாதிரி நாலு வெடி வெடிக்கும், திரும்பவும் உறுமும்.

வலியசாலையில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீடுகளுக்கு நடுவில் சந்து கிடையாது. ஒரு சுவர்தான் இரண்டு வீட்டுக்கும். தெருவும் குறுகல். சத்தம் ஒரு வரிசையில் மோதி எதிர் வரிசைக்குப் போய், அங்கே மோதித் திரும்பி வரும். வெளியே போக வழியே இல்லை. எங்கள் அடுக்களை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிலுகிலுக்கும். எதிர் வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணின் குழந்தை வீறிட்டு அழும். என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி, சத்தம் போகிறவரை காத்திருந்து, மறுபடி உயர்த்துவார். அவருடைய எதிர்ப்பு அவ்வளவுதான்.

நான் அவனிடம் இரண்டு முறை நேரில் சொன்னேன். முதல் முறை, "சரி மாமி, பாத்துக்கறேன்" என்றான். இரண்டாம் முறை, "மாமி, இது ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் ஆக்கும். இதோட சவுண்டே அப்படித்தான்" என்று எனக்குப் பாடம் எடுத்தான். குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். தலைவர், "பையன் நல்ல பையன், சம்சாரிக்கலாம்" என்றார், பேசிப் பார்க்கலாம் என்ற அர்த்தத்தில். யாரும் சம்சாரிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் காலை ஜன்னல் வழியாகப் போனில் படம் பிடித்து, மோட்டார் வாகன இலாகாவுக்குப் புகாராக அனுப்பினேன். அனுப்பியதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

பதினைந்து வருஷமான காருக்குப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். எனக்குக் கிடைத்த நாளில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, காரைக் கழுவித் துடைத்து, காகிதங்களை ஃபைலில் அடுக்கி, எட்டரைக்கே மைதானத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள். அவற்றில் ஒன்று அந்தச் சிவப்புக் கார்.

அவன் இறங்கி வந்தான். "மாமி, இங்கயா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, சிரித்துக்கொண்டே, "கம்ப்ளெயின்ட் குடுத்தது யாராக்கும்னு எனக்குத் தெரியும் கேட்டேளா. ஸாரமில்லை, போகட்டும். ஒறிஜினலை மாட்டிண்டு வந்து காட்டச் சொன்னா, காட்ட வந்திருக்கேன்" என்றான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். என் புகாரைப் படித்திருக்கிறார்கள், நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள், ஒழுங்காக நடந்திருக்கிறது என்று நினைத்தேன். சிவப்புக் காரைக் கிளப்பிக் காட்டினான். பூனை மாதிரி இருந்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், கம்பெனி முத்திரை இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் முப்பத்தைந்து வயசுக்காரர். மரியாதையாகவே பேசினார். விளக்கு, ஹார்ன், சீட் பெல்ட் எல்லாம் பார்த்தார். பின்னால் போய்க் குனிந்தார். டார்ச் அடித்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"டீச்சரே, இது கம்பெனி சைலன்சர் அல்லல்லோ. மாத்தியதல்லே?"

"ஆமாம், மாற்றினேன். பழையது துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கம்பெனியில் இப்போது அந்தப் பாகம் வருவதே இல்லை" என்று மலையாளத்தில் சொன்னேன்.

"வெல்டிங்கும் உண்டு. ஆல்ட்டரேஷன் ஆணு டீச்சரே. பாஸாக்கான் பற்றில்லா."

"ஏன் பாஸ் பண்ண முடியாது? நீங்கள் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் கேளுங்கள். சத்தமே இல்லை."

"சத்தத்தின்றெ காரியமல்ல. ரூல் அங்ஙனயா. ஐம்பத்திரண்டாம் செக்‌ஷன்." அவர் ஃபாரத்தில் எழுதிக்கொண்டே அடுத்த வண்டியைக் கையால் கூப்பிட்டார்.

அந்த ஃபாரத்தை வாங்கிக்கொண்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும். தோல்வி என்று எழுதிய தாளை எத்தனையோ பிள்ளைகள் கையில் நான் கொடுத்திருக்கிறேன். விடைத்தாளைத் திறந்து பார்க்காமல் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. போதாக்குறைக்கு அவன் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"மாமியோடதும் ஒறிஜினல் இல்லியோ?" என்றான். குரலில் கேலிகூட இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவனும் நானும் ஒரே குற்றம் செய்தவர்கள், அவன் திருந்திவிட்டான், நான் பிடிபட்டுவிட்டேன் என்பது போல.

மறுநாள் ஏழேகாலுக்குச் சிவப்புக் கார் உறுமியது. நாலு வெடி வெடித்தது. டம்ளர்கள் கிலுகிலுத்தன. என் கணவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"ஏன்னா, நேத்திக்கு அந்த வண்டியை என் கண்ணால பாத்தேன். சத்தமே இல்லை" என்றேன்.

"அப்படின்னா திரும்பவும் மாத்தியிருப்பான்" என்றார் அவர்.

"அதெப்படி ஒரே நாளில்?"

"உன் மெக்கானிக்கைக் கேளேன்" என்று சொல்லிப் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

கேட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கிள்ளிப்பாலம் போனேன். மெக்கானிக் ஃபாரத்தைப் படித்துவிட்டு முதலில் தன்னைத்தான் நொந்துகொண்டார். வளைவில் இருந்த கம்பெனிக் குழாய் நன்றாக இருந்ததால் அதை விட்டுவிட்டு, சைலன்சரை மட்டும் மாற்றிப் பற்றவைத்திருந்தார். அந்தப் பற்றுதான் கண்ணில் பட்டது. பிறகு சிவப்புக் காரின் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அது ஒரு வித்தை இல்ல டீச்சர். பைபாஸ்ல கடை இருக்கு. பெரிய குழாய் மாட்டும்போது கழட்டுன கம்பெனி சாமானைப் பேரு எழுதிக் கட்டி அங்கயே தொங்க விட்டிருப்பாங்க. டெஸ்ட்டுன்னா காலையில மாட்டுவாங்க, சாயங்காலம் கழட்டுவாங்க. ஒரிஜினலைத் தூரப் போட்டவனுக்கு வாடகைக்கும் கிடைக்கும்."

"வாடகைக்கா?"

"கல்யாணத்துக்குக் கோட்டு எடுக்கான்ல, அதே மாதிரி."

நான் நம்பவில்லை என்று சொல்லமுடியாது. நேரில் பார்க்காமல் நம்ப விரும்பவில்லை. அந்தச் சனிக்கிழமை பைபாஸுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட கடை, ஏசி, வாசலில் பளபளவென்று குழாய்கள், நாதஸ்வரக் கடை மாதிரி வரிசையாக. உள்ளே பின்பக்கச் சுவரில் பழைய சைலன்சர்கள் கம்பியில் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை, அட்டையில் வண்டி நம்பர். அதில் எங்கள் தெருச் சிவப்புக் காரின் நம்பரும் இருந்தது. நான் அந்த அட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தேன்.

கடைக்காரர் நல்லவிதமாகத்தான் பேசினார். அவருக்கு என்னைப் பார்த்தால் மகனுக்குப் பரிசு வாங்க வந்தவள் மாதிரி தோன்றியிருக்கவேண்டும். ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். பெட்டி மூடியின் உள்பக்கம், பொடி எழுத்தில், பொதுச் சாலையில் உபயோகிப்பதற்கு அல்ல என்று அச்சிட்டிருந்தது.

"அப்படியானால் எங்கே உபயோகிப்பதற்கு?" என்று கேட்டேன்.

"அது கம்பெனி எழுதுந்நதல்லே மேடம். ஆஃப் ரோட்டுக்கு."

"திருவனந்தபுரத்தில் அது எங்கே இருக்கிறது?"

கொஞ்சம் யோசித்தார். "வித்துரா கழிஞ்ஞு எஸ்டேட்டினுள்ளில் ஓடிக்காமல்லோ" என்றார்.

மலைப் பக்கம் எஸ்டேட்டுக்குள் ஓட்டலாமே என்கிறார். எனக்கு அந்தச் சிவப்புக் கார் கண் முன்னால் வந்தது. தரையைத் தொடாத குறையாக இறக்கி வைத்த வண்டி. எங்கள் தெரு முனையில் இருக்கும் ஸ்பீட் பிரேக்கரையே அது குறுக்காக ஏறித்தான் தாண்டும். அது எஸ்டேட் கல்லில் போகிறதாம்! "விற்பது தப்பில்லையா?" என்று கேட்டேன். சாமானை விற்பதோடு தங்கள் வேலை முடிந்தது, ரோட்டில் ஓட்டுவது சொந்தக்காரர் பாடு என்று அவர் கையை விரித்தார். "ஞங்ஙள் விக்குந்நது சாதனம் மேடம். ரோட்டில் ஓடிக்குந்நது ஓனர் அல்லே?"

விற்கிறவன் ஏசி அறையில் பில் போட்டு விற்கிறான். மாட்டுகிறவன் டெஸ்ட்டுக்கு ஒன்றும் ரோட்டுக்கு ஒன்றும் வைத்துக்கொள்கிறான். ஓட்டை விழுந்த சைலன்சரைச் சத்தம் வரக்கூடாதே என்று மாற்றிய நான் குற்றவாளி. வண்டிக்குத் திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வயசு ஐம்பத்துமூன்று, இதற்கெல்லாம் இப்படி உட்காரவேண்டுமா என்று என்னையே திட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டத்தைப் படித்தேன். எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. ஐம்பத்திரண்டாம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது. மாற்றம் என்றால் என்ன என்றும் அங்கேயே விளக்கம் இருக்கிறது. வண்டியின் அமைப்பில் செய்கிற மாறுதல், அதனால் அதன் அடிப்படைத் தன்மையே மாறவேண்டும். தேய்ந்துபோன சைலன்சருக்குப் பதில் அதே வேலை செய்யும் சைலன்சர் போட்டால் என் காரின் எந்த அடிப்படைத் தன்மை மாறிற்று? சைலன்சருக்கென்று தனியாக ஒரு விதியும் இருந்தது. இன்ஜின் சத்தத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைக்கிற கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருக்கவேண்டும் என்கிறது அது. விதியின் உயிரே சத்தத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் அந்த மனிதர் "சத்தத்தின்றெ காரியமல்ல" என்றார்.

மலையாளத்தில் ஒரு மனு எழுதினேன். பேச எனக்கு மலையாளமும் தமிழும் ஒன்றுதான். எழுதும்போது மட்டும் தமிழ்வழியில் படித்தது காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் மலையாள டீச்சரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். அவர் மூன்று இடத்தில் கோபத்தைக் குறைத்துவிட்டார். நான் ஒரு இடத்தில் திரும்பவும் சேர்த்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் இன்ஸ்பெக்டருக்கு மேலதிகாரி ஒரு அம்மாள். அரைமணி நேரம் காக்கவைத்தார், ஆனால் மனுவை முழுக்கப் படித்தார். இன்ஸ்பெக்டரையும் வரச்சொன்னார். அவர் வந்து கதவருகே நின்றார்.

"சத்தத்தை அளக்க உங்களிடம் மீட்டர் இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீட்டர் இருக்கிறது, சரிபார்க்க அனுப்பியிருக்கிறது, இன்னும் வரவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு, கொஞ்சம் சங்கடத்தோடு, "டீச்சரே, ஞானும் ஆலோசிச்சு. பக்ஷே வெல்டிங் உள்ள ஒரு வண்டி ஞான் பாஸாக்கியால் நாளெ என்னோடு சோதிக்கும். காட்டான் என்றெ கையில் ஒரு பேப்பர் வேணம்" என்றார். நாளைக்கு அவரைக் கேள்வி கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். அவர் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கோபம் குறைந்ததா என்றால் இல்லை, திசை கொஞ்சம் மாறியது.

அதிகாரி அம்மாள் முடிவாகச் சொன்னார். இந்த மாடலுக்கென்றே செய்த பாகம் என்பதற்குச் சைலன்சரில் தயாரிப்பாளர் முத்திரையும் நம்பரும் இருக்கவேண்டும். அதே நம்பர் பில்லிலும் இருக்கவேண்டும். இருந்தால் மறுபரிசோதனை செய்யலாம்.

மெக்கானிக் நாகர்கோவிலுக்குப் போன் போட்டு நம்பரோடு பில் வரவழைத்தார். முத்திரைதான் சிக்கல். சைலன்சர் துருப்பிடிக்கக்கூடாது என்று, சூடு தாங்கும் கறுப்புப் பெயின்டை அவரே அழகாக இரண்டு கோட் அடித்திருந்தார். முத்திரை அதற்கடியில் எங்கோ இருந்தது.

"உங்களுக்கு நல்லது பண்ணுதேன்னு பண்ணினேன் டீச்சர்" என்றார் பாவமாக.

காரைத் தூக்கி நிறுத்தினார். நான் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் விரித்த அட்டையில் உட்கார்ந்து, டார்ச் பிடித்தேன். அவர் உப்புத்தாளால் தேய்த்தார். கறுப்புத் தூள் அவர் முகமெல்லாம் கொட்டியது. ஒரு பக்கம் முழுக்கத் தேய்த்தும் ஒன்றும் இல்லை. மறுபக்கம் திரும்பினார். கால்மணி நேரம் கழித்து, "டீச்சர், இங்க பாருங்க!" என்று கத்தினார். நாலு இலக்க எண் ஒன்று, அதன் பக்கத்தில் என் காரின் மாடல் பெயர். தகரத்தில் குத்திய எழுத்து. பரீட்சை முடிவில் தன் நம்பரைக் கண்ட பிள்ளை மாதிரி நான் அதைத் தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் கரி.

மறுபரிசோதனையில் பாஸாயிற்று. இந்தமுறை இன்ஸ்பெக்டர் தானாகவே சாவியைத் திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். "நல்ல சைலன்ட் ஆணல்லோ" என்றார்.

"இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன்?" என்றேன். அவர் ஃபாரத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நான் விடவில்லை. "அந்தச் சிவப்புக் கார் என்ன ஆயிற்று?"

"அது ஒறிஜினல் காணிச்சல்லோ டீச்சரே."

"அந்த ஒறிஜினல் அன்றைக்குச் சாயங்காலமே கடைச் சுவருக்குப் போய்விட்டது. அட்டையில் நம்பர் எழுதித் தொங்குகிறது. நான் என் கண்ணால் பார்த்தேன். உங்களுக்குக் காட்டும் சத்தம் வேறு, எங்களுக்குக் கேட்கும் சத்தம் வேறு. எங்கள் வீட்டுக்கு ஒருநாள் காலை ஏழு மணிக்கு வாருங்கள்."

கோபத்தில் சொன்ன பேச்சு. அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. யூனிஃபார்மில் அவரும் இன்னொருவரும். கொஞ்சம் தள்ளி முனையில் இலாகா ஜீப். என் கணவர் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, "உக்காருங்கோ, காப்பி சாப்பிடலாம்" என்றார். அவருக்குத் தன் வீட்டில் நடப்பது எதுவுமே தெரியாதது போல ஒரு முகம்.

காப்பி கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு வாய் குடித்திருப்பார். மூன்றாவது வீட்டில் கதவு திறந்து மூடியது. பிறகு ஆரம்பித்தது. உறுமல், நாலு வெடி, உறுமல். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த டவராவில் டம்ளர் தாளம் போட்டது. எதிர் வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் டவராவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்நும் இங்ஙனயாணோ?"

"தினமும் இப்படித்தான்" என்றேன்.

எழுந்து வெளியே போனார். நானும் வாசல்வரை போனேன். அவர் சத்தம் போடவில்லை, சிவப்புக் காரின் முன்னால் போய்க் கையை நீட்டி நின்றார். இன்ஜின் நின்றது. தெருவே நின்றமாதிரி இருந்தது. வண்டியின் பதிவுச் சான்றிதழை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். அபராதமும் போட்டார்கள். அந்தக் குழாயை அங்கேயே கழற்றிக் கொண்டுபோனார்கள். அவன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முனைக்கு நடந்தபோது என் வாசலைப் பார்க்காமல் போனான்.

எனக்குத் திருப்தியாக இருந்திருக்கவேண்டும். இல்லை. ஒரு விதி நடைமுறைக்கு வரவேண்டும் என்றால் நான் லீவு போடவேண்டும், சட்டப் புத்தகம் படிக்கவேண்டும், கடைச் சுவரில் அட்டை தேடவேண்டும், காருக்கடியில் உட்காரவேண்டும், கடைசியில் காப்பியும் போட்டுக் கொடுக்கவேண்டும். இத்தனையும் செய்ய முடியாதவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? அவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதானே இருக்கிறார்கள்? கடையைப் பற்றியும் எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார்கள். கடை இன்றைக்கும் திறந்திருக்கிறது.

வண்டியைப் பிடித்த அன்று சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள். உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். சண்டை போடத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் மனசுக்குள் எல்லாப் பிரிவுகளையும் அடுக்கிக்கொண்டு நின்றேன்.

"அவனைத் தெருவுல வெச்சு நிறுத்தினது எனக்கு ரொம்ப மோசமாயிடுத்து, வெளில தலை காட்ட முடியலை, டீச்சர் மாமி" என்றாள்.

"நான் ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். அவன் கேக்கலை."

"அவங்கிட்ட சொன்னேள். சங்கத்துல சொன்னேள். ஆபீஸ்ல சொன்னேள்." விரல் விட்டு எண்ணினாள். "அந்த வண்டி நிக்கறது என் படுக்கை ஜன்னலுக்கு நேர் கீழயாக்கும். ரெண்டு வருஷமா ஏழேகாலுக்கு முன்னாடியே எழுந்து அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திண்டு நிப்பேன். நெஞ்சு படபடங்கும். எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை, உங்களுக்கும் கஷ்டமா இருக்கான்னு கேட்டேளா?"

நான் கேட்கவில்லை. அவள் அவன் பக்கம்தான் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அடுப்பில் சாதம் வைத்திருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.